அரிசிச் சாக்கில் அரைக்கீரை: மாடியிலிருந்து கடைசல் சட்டி வரை

வேலூரில் மாடித்தோட்டம் போட நினைப்பவர்கள் முதலில் தேடுவது கத்தரி நாற்றைத்தான். ஆசை நியாயமானது, நம்ம மாவட்டத்து இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. ஆனால் முதல் முயற்சிக்குக் கத்தரி வேண்டாம். காய் பறிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், அதற்குள் புழு விழுந்து ஆளைச் சலிக்க வைத்துவிடும். அரைக்கீரை போடுங்கள். ஒரு முறை விதைத்தால், அறுக்க அறுக்கத் துளிர்க்கும்.

25 கிலோ அரிசிச் சாக்கு ஒன்றை எடுத்து, வாயைப் பாதிக்கு மடித்து விடுங்கள். அடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை. செம்மண், மக்கிய சாண எரு, தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவு கலந்து, விளிம்புக்கு நான்கு விரல் கீழே வரை நிரப்புங்கள். சாக்கை இரண்டு செங்கல் மேல் வைத்தால் தளத்தில் தண்ணீர் தேங்காது.

விதை கடுகைவிடப் பொடியானது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். ஒரு ஸ்பூன் விதைக்கு இரண்டு பிடி மணல் கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் போர்த்துங்கள். தண்ணீரைக் கையால் தெளிக்க வேண்டும். ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஓடிவிடும். எறும்பும் இழுத்துப் போகும், சாக்கைச் சுற்றி மஞ்சள்தூள் போட்டு வையுங்கள். ஐந்தாறு நாளில் முளைத்துவிடும்.

நம்ம ஊரில் வெயில்தான் பெரிய சோதனை. மே மாதத்தில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். என் முதல் சாக்கை நானே கெடுத்தேன். மதியம் இரண்டு மணிக்கு, செடி வாடியிருக்கிறதே என்று மாடித் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன். வெயிலில் காய்ந்த குழாயிலிருந்து வந்தது கிட்டத்தட்ட வெந்நீர். சாயங்காலம் போய்ப் பார்த்தால் எல்லாம் தலை சாய்ந்து கிடந்தது. காலையில் ஏழு மணிக்குள், மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு, அவ்வளவுதான். கோடையில் மேலே ஒரு பழைய வேட்டியைக் கட்டிவிட்டாலே போதும், பச்சை வலை வாங்க வேண்டியதில்லை.

நெருக்கமாக வந்த நாற்றுகளைப் பிடுங்கிக் களையுங்கள். அதுவும் பொரியலுக்கு ஆகும். ஒரு மாதத்தில் முதல் அறுப்பு. அடியில் இரண்டு விரல் தண்டு நிற்கட்டும். வேரோடு பிடுங்கினால் கதை முடிந்தது. அறுத்ததும் ஒரு கை எரு போட்டால், இரண்டு வாரத்தில் அடுத்த அறுப்புக்குத் தயார்.

அப்புறம் சட்டிக்கு வரலாம். ஒரு பெரிய கட்டுக் கீரை, பத்து சின்ன வெங்காயம், ஐந்து பல் பூண்டு, மூன்று பச்சை மிளகாய், அரை டம்ளர் தண்ணீர். மூடாமல் வேகட்டும். புளியை முதலிலேயே போட்டால் கீரை பழுத்துப் போகும். வெந்த பிறகு சுண்டைக்காய் அளவு போடுங்கள். உப்பும் கடைசியில்தான், கீரை சுண்டிய பிறகே அளவு தெரியும். மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் போட்டால் கூழாகிவிடும், கடைசலுக்குத் திப்பிதிப்பியாக இருக்க வேண்டும். தாளிக்கக் கடுகு உளுந்துக்குப் பதில் வெங்காய வடகம் ஒரு உருண்டை. எண்ணெயில் அது பொரியும் வாசனை தெருமுனை வரை போகும். கூடவே நொய் போட்டுக் கிளறிய கேழ்வரகுக் களி.

சரி, கீரை அலசிய தண்ணீரை எங்கே கொட்டினீர்கள்? அது மாடிக்குப் போக வேண்டியது.