டிவி, பிரிண்டர், மிக்ஸிக்குத் துணி உறை: எங்கே சொதப்புகிறோம்?

உறை தைப்பதில் பெரிய தவறு, தையல் மெஷினில் உட்காரும் முன்பே நடந்துவிடுகிறது: மூடவே கூடாத பொருளுக்கு உறை தைப்பது. வைஃபை ரூட்டர், செட்டாப் பாக்ஸ், ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் எல்லாம் நாள் முழுக்க மின்சாரத்தில் இருப்பவை. கை வைத்தாலே சூடு தெரியும். அது வெளியேறத்தான் உடம்பெல்லாம் கோடுகோடாகத் துளை விட்டிருக்கிறார்கள். அவற்றுக்கு வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டினால் போதும். ஃபிரிட்ஜுக்கும் கவனம் வேண்டும். பல ஃபிரிட்ஜ்களில் சூட்டை வெளியேற்றும் குழாய் பக்கச் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. மேலே போடும் உறையின் பைகளை இருபுறமும் நீளமாகத் தொங்கவிட்டால் அந்தச் சூட்டுக்குத் தடை. அந்தப் பையில் மாத்திரை அட்டை வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

சரி, ஓய்வில் இருக்கும் நேரமே அதிகம் என்கிற பொருள்களுக்கு வருவோம்: பிரிண்டர், மிக்ஸி, எப்போதாவது போடும் டிவி. இவற்றுக்கு நெருக்கமாக நெய்த பருத்தித் துணிதான் என் தேர்வு. வெல்வெட்டும் டர்க்கி டவல் துணியும் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தம் பங்குக்குப் பஞ்சும் உதிர்க்கும். பாலியஸ்டர் உரசினால் மின்னூட்டம் ஏறி, தூசியைத் தானே இழுக்கும். தண்ணீர் தெறிக்கும் இடத்துக்கு ரெக்சின் சரி, ஆனால் அதில் ஊசி குத்திய துளை மூடாது. பிரித்துத் தைத்தால் ஓட்டை வரிசை அப்படியே தெரியும். குண்டூசிக்குப் பதில் கிளிப் போடுங்கள். மெஷின் பாதம் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் மேலே மெல்லிய தாளை வைத்துத் தைத்துவிட்டு, அப்புறம் கிழித்து எடுத்துவிடலாம்.

புதுப் பருத்தியை நனைக்காமல் வெட்டுவது அடுத்த தவறு. முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடும். 18 அங்குலத்தில் கிட்டத்தட்ட ஒரு அங்குலம் போய்விடும். முந்தின நாளே நனைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்டு வெட்டுங்கள்.

அளவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பொருளின் அளவையே துணியில் வரைந்து வெட்டிவிடுகிறார்கள். 17 அங்குல அகலம், 14 ஆழம், 7 உயரம் உள்ள பிரிண்டரை எடுத்துக்கொள்வோம். தளர்வுக்கு ஒரு அங்குலம் விட்டால் மேல்பகுதி 18-க்கு 15. தையலுக்குச் சுற்றிலும் அரை அங்குலம் சேர்த்து 19-க்கு 16 என வெட்ட வேண்டும். சுற்றி வரும் பட்டி 66 அங்குலம், ஒட்டுக்கு ஒன்று சேர்த்து 67. உறை மேசைக்கு அரை அங்குலம் மேலேயே நிற்கட்டும். கீழ் மடிப்பு, தையல் எல்லாம் சேர்த்துப் பட்டியின் உயரம் 8 அங்குலம் வரும். 2 மீட்டர் துணியில் நீளவாக்கில் வெட்டினால் பட்டிக்கு ஒரே ஒட்டுதான். அதைப் பின்பக்க மூலைக்குக் கொண்டுபோய், கீழ்ப்பாதியைத் தைக்காமல் விட்டு ஓரம் மடித்து அடியுங்கள். வயர் அந்த வழியாக வரும். வயரை மறந்து தைத்த உறை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

மூலை சுருக்கம் விழுவதற்குக் காரணம் ஒன்றுதான்: பட்டியில் கத்தரி வைக்காமல் திருப்புவது. மேல்பகுதியின் ஓரத்துக்கு அரை அங்குலம் முன்னால் நிறுத்தி, ஊசியைத் துணிக்குள் இறக்கி, பாதத்தைத் தூக்குங்கள். பட்டியில் மட்டும் தையல் கோட்டைத் தொடாமல் சின்னதாக ஒரு வெட்டு. இப்போது துணியைத் திருப்பினால் பட்டி விரிந்து கொடுக்கும். தடித்த துணி என்றால் 16 நம்பர் ஊசி போடுங்கள். மடிப்புகள் சேரும் இடத்தில் மெல்லிய ஊசி உடையும்.

டிவி உறையில் ஜிப், பட்டன், ஜரிகை எதுவும் திரையைத் தொடக்கூடாது. பழைய பெட்டி டிவியின் கண்ணாடி தாங்கியது. எல்சிடி திரையின் மேற்பரப்பு பெரும்பாலும் பிளாஸ்டிக் படலம், கீறல் விழும். முன்பக்கத்தில் ஒட்டுத் தையலும் வேண்டாம்.

உறை தயாரான பிறகும் அவசரம் கூடாது. மிக்ஸி மோட்டார் ஆறிய பிறகு மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் வாடை வரும், கரப்பானுக்கும் வசதி. இங்க்ஜெட் பிரிண்டரைச் சுவிட்ச் போர்டில் அணைக்காமல் அதன் சொந்த பட்டனில் அணையுங்கள். அப்போதுதான் மை வரும் பகுதி மூடிக்குள் போய் நிற்கும், உலராது. உறையை எடுக்கும்போது மேலே இருக்கும் தூசி உள்ளே போகுமாறு மடித்துக்கொண்டே எடுங்கள். உதறுவதை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாம்.