கிளட்ச் வீலி: தூக்கும் முன் இறக்கப் பழகுங்கள்

முன் சக்கரத்தைத் தூக்குவது பெரிய வித்தை இல்லை. ஓரளவு இழுவை உள்ள பைக்கில் கிளட்சைப் பட்டென்று விட்டால் அது தானாகவே எழும்பும். எழும்பியதை இறக்கத் தெரியாமல்தான் ஆட்கள் பின்பக்கமாகக் கவிழ்கிறார்கள். அதனால் இதில் கையைவிட, பின் பிரேக்கை மிதிக்கும் வலது காலைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் இடம். சென்னையில் இசிஆர், ஓஎம்ஆர், மெரினா பக்கம் காமராஜர் சாலை எதுவும் வேண்டாம், நடுராத்திரியானாலும் சரி. ஆபத்தாக வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவில் முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பைக் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் காய்வது தனிக்கதை. கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மனை போட்டு ஆளில்லாமல் கிடக்கும் லேஅவுட் ரோடுகளை நம்பியும் பலர் போகிறார்கள். லேஅவுட்டுக்கு அங்கீகாரம் வாங்கும்போதே அந்த ரோடுகளை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வீடுகூட எழும்பாவிட்டாலும் அது பொதுச் சாலைதான். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நடக்கும் டிராக் டே வளைவில் ஓட்டப் பழகுவதற்கானது, அங்கே போய் நடுவில் சக்கரத்தைத் தூக்கினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். வேலி போட்ட தனியார் இடம், உரிமையாளர் அனுமதி, மணல் இல்லாத நேரான தளம், கூடவே ஒரு நண்பர், ஆஸ்பத்திரி போக ஒரு கார்: இவ்வளவும் கிடைத்தால் பழகலாம்.

ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட், முதுகுக் காப்பு, முட்டிக் காப்பு, கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ் எல்லாம் கட்டாயம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஏறி இறங்கினால் எல்லாம் கிடைக்கும். விலை பேசலாம், முதுகுக் காப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பைக்கையும் ஒரு பார்வை பாருங்கள். டியூக் 200, என்எஸ் 200 மாதிரி வண்டிகள் பழக வசதி. ஆர்15-இலும் வரும், ஆனால் கீழே இழுவை குறைவு என்பதால் இன்ஜினை நன்றாகச் சுற்ற விட வேண்டியிருக்கும். டிராக்‌ஷன் கண்ட்ரோல் (பின் சக்கரம் வழுக்காமல் பவரைக் குறைக்கும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதியில் பவரை வெட்டிச் சக்கரத்தைத் தொப்பென்று போடும். வண்டி பின்னால் சாயும்போது இன்ஜின் ஆயிலும் பின்னால் ஓடும், அதனால் அளவு மேல்கோடு வரை இருக்கட்டும். செயின் தொளதொளவென்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இப்போது வலது கால். உள்ளங்கால் நடு ஃபுட்ரெஸ்ட்டில் இருக்க, பெருவிரல் பக்கம் பின் பிரேக் பெடலின் மேல் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். பூட்ஸ் போட்டால் அடிப்பாகம் தடிமனாக இருப்பதால் பெடல் எங்கே என்றே தெரியாது, மெக்கானிக்கிடம் சொல்லிப் பெடல் உயரத்தைக் காலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், சக்கரம் தாழ்வாக இருக்கும்வரை ஆக்சிலரேட்டரைக் குறைத்தாலே இறங்கிவிடும். பேலன்ஸ் பாயிண்ட்டை, அதாவது வண்டி முன்னும் விழாமல் பின்னும் விழாமல் நிற்கும் கோணத்தைத் தாண்டிவிட்டால் எடையே வண்டியைப் பின்னால் இழுக்கும். அப்போது ஆக்சிலரேட்டரைக் குறைத்துப் பலன் இல்லை, முன் பிரேக்கால் ஒன்றும் ஆகாது. பின் பிரேக்கை மிதித்தால் மட்டும்தான் மூக்கு கீழே வரும்.

ஆகவே முதல் நாள் தூக்கவே வேண்டாம். முதல் கியரில் 20 கி.மீ. வேகத்தில் போய், லேசாக முறுக்கி, முறுக்கிய நிலையிலேயே பின் பிரேக்கைத் தட்டுங்கள். கை முறுக்கும்போதே கால் மிதிக்கும் பழக்கம் வரும்வரை இதே வேலை. போரடிக்கும். அடிக்கட்டும்.

அப்புறம் கிளட்ச். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் லீவரில் இருக்கட்டும். முழுக்க இழுக்க வேண்டியதில்லை. கிளட்ச் பிடிக்கிற இடத்தைக் கொஞ்சம் தாண்டினால் போதும், இன்ஜின் சத்தம் சட்டென்று லேசாகி மேலே ஏறும். அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், மீட்டரைப் பார்க்க நேரம் இருக்காது. வேகமாகச் சுற்றும் இன்ஜினின் சக்தி கிளட்சை விட்டதும் ஒரே உதையாகப் பின் சக்கரத்துக்குப் போவதால்தான் சின்ன வண்டிகூட எழும்புகிறது.

சரி, இனி சேர்த்துச் செய்யலாம். சீட்டில் கொஞ்சம் பின்னால் தள்ளி நிமிர்ந்து உட்காருங்கள், முட்டியால் டேங்கைப் பிடியுங்கள். முதல் கியர், 15 முதல் 20 கி.மீ. வேகம். லேசாக முறுக்கி, கிளட்சை இரண்டு விரலால் இழுத்து, சத்தம் ஏறியதும் விடுங்கள். 200 சிசி வண்டிக்கு 5,000 ஆர்பிஎம் பக்கம் ஆரம்பித்து, எழும்பாவிட்டால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஹேண்டில்பாரை இழுக்காதீர்கள். இழுத்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பும், கோணலாகவே இறங்கும்.

ஒரு சாண் எழும்பினால் போதும். உடனே பின் பிரேக், கீழே. தேவையே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு தடவையும் பிரேக்கால்தான் இறக்க வேண்டும். நண்பர் வீடியோ எடுத்தால் பார்த்துத் திருத்தலாம், ஆனால் "இன்னும் மேலே மச்சான்" என்று கத்துகிற நண்பரை அழைத்துப் போகாதீர்கள்.

காலில் இது ஊறிய பிறகு உயரத்தைக் கூட்டுங்கள். முன்பக்கம் எழும்பி ரோடு மறைந்தால் ஓரமாகப் பார்த்து நேர் கோட்டை வைத்துக்கொள்ளலாம். இறங்கும்போது ஹேண்டில் நேராக, ஆக்சிலரேட்டர் துளி திறந்தபடி இருக்கட்டும். அடியோடு மூடினால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முழு அடியையும் வாங்கும்.

நம் ஊர் வெயிலுக்கு விடியற்காலை 6 மணிக்கே ஆரம்பித்து 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். கிளட்ச் கருகிய வாடை வந்தால் இன்ஜினை அணைத்து ஆற விடுங்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டுங்கள். ஆயில் ஒட்டினால் ஆயில் சீல் போய்விட்டது, அது வழிந்து முன் டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது, அந்த நிலையில் ஓட்ட வேண்டாம். அடுத்து நண்பரை விட்டு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கச் சொல்லி, ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று ஒரு பிடிப்பு தெரிந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்) தேய்ந்திருக்கிறது, மாற்றிய பிறகுதான் அடுத்த பழக்கம்.