வால் எலும்பு வலி: வளையத் தலையணையும் வேறு சில தவறுகளும்

டர்பனில் பிசியோதெரபி பயிற்சிக்கு வரும் இளையவர்கள், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்த பிறகே இதை எழுத நேர்ந்தது. கடினமான இருக்கை ஆகாது என்பது போன்ற, எவரும் அறிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

வளையத் தலையணை

மருந்துக்கடையில் கேட்டால் முதலில் எடுத்துக் கொடுப்பது, நடுவில் ஓட்டையுள்ள காற்றடைத்த வளையத்தைத்தான். மூலநோய்க்காரர்கள் வாங்கும் அதே பொருள். பெரும்பாலும் நான்கு சிறு துண்டுகளால் ஆன வால் எலும்பு, நாம் உட்காரும்போது பாரம் தாங்கும் இரண்டு இடுப்பெலும்பு முனைகளுக்கும் பின்னால் இருக்கிறது. ஆகவே ஓட்டை முன்னே நிற்க, வளையத்தின் பின்விளிம்பு வலிக்கும் இடத்தையே அழுத்துகிறது. சற்றே பின்னால் சாய்ந்தால் அழுத்தம் இன்னும் கூடுகிறது.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வந்த ஓர் அம்மா, மழையில் படி வழுக்கி விழுந்தவர், துணித் தொழிற்சாலையில் தையல் மெஷின் முன் இப்படியொரு வளையத்தின் மீது மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். "காசு கொடுத்து வாங்கினது தம்பி, வலி மட்டும் கூடிக்கிட்டே போகுது" என்றார். வலிக்கு அஞ்சி ஒருபக்கமாகச் சாய்ந்தே தைத்ததில் இடுப்பும் பிடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அந்த வளையத்தைப் பரிந்துரைத்தவர் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர் என்பதுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

வேண்டியது, 'ப' வடிவில் வெட்டிய அழுத்தமான ஃபோம். அதன் திறந்த வாய் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். அதை முன்பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்காருபவர்களும் குறைவில்லை. உட்கார்ந்தபின் பின்னாலிருந்து விரலை நுழைத்துப் பாருங்கள்: வால் எலும்பின் கீழே விரல் தடையின்றிப் போனால் சரி, சிக்கினால் ஃபோம் அமுங்கிவிட்டது என்று பொருள். ஜோகன்னஸ்பர்க் வரை காரில் போகிறவர்கள் அதை வீட்டில் மறந்துவிடக் கூடாது. எத்தனை நல்ல தலையணையானாலும் வழியில் அடிக்கடி இறங்கி நடக்கவும் வேண்டும்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று கைவிடுவது

படுத்த நிலையில் எடுத்த படம் எலும்பின் அசைவைக் காட்டாது. உட்கார்ந்தும் நின்றும் எடுத்த படங்களை ஒப்பிடும் முறையைப் பிரெஞ்சு மருத்துவர் ழான்-ஈவ் மேஞ் 1990களில் விரிவாக ஆராய்ந்தார். உட்காரும்போது வால் எலும்பு 25 பாகைக்கு மேல் மடங்கினால் அது அளவுக்கு மீறிய அசைவு. உட்கார்ந்து எழும் கணத்தில் சுரீரென்று குத்தும் என்பவரிடம், படத்தைக் காட்டி "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வது சிகிச்சை அல்ல.

எலும்பை இழுத்துவிடச் சொல்வது

விழுந்த புதிதில் எவரையும் கை வைக்க விடாதீர்கள்.

எல்லோருக்கும் இறுக்கும் பயிற்சி

இவ்வலி ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ 5 மடங்கு அதிகம். பிரசவத்திற்குப் பிறகு வருவதும் உண்டு. பிரசவித்தவர் என்றதும் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசையை இறுக்கும் பயிற்சியைக் கொடுத்துவிடுகிறார்கள். வலியால் ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையை மேலும் இறுக்கினால் வலி கூடும். முதலில் அதைத் தளர்த்தக் கற்றுக்கொடுக்க வேண்டும். மலச்சிக்கலையும் கூடவே கவனிக்க வேண்டும்.

பொறுத்துப் பார்ப்பது

காய்ச்சல், சீழ், காரணமின்றி எடை குறைதல், இரவில் உறங்கவிடாத வலி ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். தொடையிடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அவசரமாக அறுவைக்குப் போவது

பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதில்லை. தலையணை, தசைப் பயிற்சி, வலி மாத்திரை, பிறகு ஊசி ஆகிய அனைத்தும் பலனளிக்காமல் மாதங்கள் கடந்த பின்னரே எலும்பை அகற்றுவது பற்றிப் பேசுவார்கள். ஆசனவாய்க்கு அருகிலுள்ள காயம் என்பதால் அதில் கிருமி தொற்றும் ஆபத்து அதிகம்.