பதிலைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்: காது கொடுத்துக் கேட்கப் பழகும் வழி

போன கோடையில் அம்மா போனில், “முழங்கால் வலிக்குதுடா” என்றார். “டாக்டர்கிட்ட காட்டிடும்மா” என்று சொல்லி ஒரே நிமிடத்தில் வைத்துவிட்டேன். அவர் சொல்ல வந்தது வேறு. மொட்டைமாடிக்கு ஏற முடியாததால் அந்த வருஷம் வடகமே போடவில்லை. பத்து நாள் கழித்துத் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு மனசு கேட்கவில்லை. அதிலிருந்து நான் பழகி வருவது இது.

முதல் படி: ஒரே ஒருவர் போதும்

தினமும் பேசும் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுங்கள். நேரில் என்றால் செல்போன் பக்கத்து அறையில் இருக்கட்டும். போனில் என்றால் வண்டி ஓட்டிக்கொண்டோ காய் நறுக்கிக்கொண்டோ பேசாமல் ஓரிடத்தில் உட்காருங்கள்.

இரண்டாம் படி: ஒரு மூச்சு பொறுங்கள்

கஷ்டமான படி இதுதான். பத்து மொழிகளில் அன்றாடப் பேச்சை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. கேள்வி முடிந்து பதில் தொடங்கச் சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகிறதாம். ஆனால் ஒரே ஒரு சொல்லை மனதில் எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே அரை நொடிக்கு மேல் வேண்டும். அப்படியென்றால் எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயார் செய்ய ஆரம்பித்துவிடுகிறோம். கடைசி வார்த்தைகள் காதில் விழுகின்றன, மனதில் ஏறுவதில்லை.

அவர் நிறுத்தியதும் ஒரு மூச்சு இழுத்து விட்டுவிட்டுப் பேசுங்கள். பாதி நேரம் அந்த இடைவெளியில்தான் உண்மையான விஷயம் வரும். “ஒண்ணுமில்ல, விடு” என்றால் இன்னொரு மூச்சு பொறுங்கள்.

போனில் சும்மா இருந்தால் “லைன்ல இருக்கியா?” என்பார்கள். அதற்கு ‘ம்’ கொட்டுங்கள். பாட்டி கதை சொல்லும்போது ‘ம்’ நின்றால் கதையும் நின்றுவிடும், நினைவிருக்கிறதா?

மூன்றாம் படி: அவர் சொல்லையே திருப்பிக் கேளுங்கள்

“மாடி ஏற முடியலையா?” அவ்வளவுதான். ‘மூட்டுத் தேய்மானமா’ என்று பெரிய வார்த்தை போட வேண்டாம்.

நான்காம் படி: அறிவுரைக்கு முன் அனுமதி

“நான் அப்பவே சொன்னேன்ல”, “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது”, “எனக்கும் இப்படித்தான்”. இந்த மூன்றும் பேச்சை அங்கேயே மூடிவிடும். மூன்றாவதை நாம் அன்பாகத்தான் சொல்கிறோம், ஆனால் கதை நம்முடையதாகிவிடுகிறது. சென்னையில் 1986-இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையமான ‘ஸ்நேகா’வில், பெரும் துயரத்தில் அழைப்பவர்களுக்கே தன்னார்வலர்கள் முதலில் தருவது காதைத்தான், அறிவுரையை அல்ல. முழங்கால் வலிக்கு நாம் ஏன் அவசரப்பட வேண்டும்? “நான் ஏதாவது செய்யணுமா, சும்மா கேட்டா போதுமா?” என்று கேட்டுப் பாருங்கள். என் அம்மா பெரும்பாலும் “சும்மா கேளு” என்றுதான் சொல்கிறார்.

ஐந்தாம் படி: மறுநாள் விசாரியுங்கள்

“நேத்து சொன்னியே, அந்தப் பக்கத்து வீட்டு விஷயம் என்ன ஆச்சு?” இந்த ஒரு கேள்வியில் அவர் குரலே மாறும்.

களைப்பாக இருக்கும் நாளில் கேட்பதுபோல் நடிக்காதீர்கள், குரலிலேயே தெரிந்துவிடும். “சாப்பிட்டுட்டு எட்டு மணிக்குக் கூப்பிடுறேம்மா” என்று சொல்லுங்கள். எட்டு மணிக்குக் கூப்பிட்டுவிடுங்கள்.