பலர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை நிறுத்தாமல் காப்பு நகல் எடுத்தல்

இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே வேறொரு டிஸ்க்கிற்கு காப்பி செய்துவிட்டு, பேக்கப் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த நகலை நம்ப முடியாது.

ஒரு பெரிய கோப்பை காப்பி செய்யப் பத்து நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது நிமிடத்தில் முதல் கணக்கு நகலாகிறது, இருப்பு 5,000. நான்காவது நிமிடத்தில் ஒருவர் அதிலிருந்து 2,000 எடுத்து இரண்டாவது கணக்கில் சேர்க்கிறார். எட்டாவது நிமிடத்தில் இரண்டாவது கணக்கு நகலாகும்போது அந்த 2,000 அதில் இருக்கிறது. நகலைப் பார்த்தால் ஒரு பக்கம் பணம் குறையவே இல்லை, மறுபக்கம் கூடியிருக்கிறது. உண்மையான தரவுத்தளம் எந்தக் கணத்திலும் இப்படி ஒரு நிலையில் இருந்ததே கிடையாது. இது போதாதென்று, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் வழக்கமாக 8 கேபி பக்கங்களாகவும் (பக்கம் என்பது ஒரே அளவுள்ள தரவுத் துண்டு), மைஎஸ்க்யூஎல் மென்பொருளின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி 16 கேபி பக்கங்களாகவும் எழுதுவதால், எழுதும் நடுவில் படிக்கப்பட்ட பக்கம் பாதி பழையதும் பாதி புதியதுமாக நகலில் வந்து சேரலாம்.

ஆகவே, ஒரே கணத்தின் நிலையைத் தரும் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். தரவை ஒரு கோப்பாக எழுதித் தரும் போஸ்ட்கிரெஸ்ஸின் பிஜி டம்ப் (pg_dump) கருவி, தொடங்கிய கணத்தில் தரவு எப்படி இருந்ததோ அதையே கடைசிவரை படிக்கும். மற்றவர்கள் எழுதுவதையும் தடுக்காது. மைஎஸ்க்யூஎல்லின் அதேபோன்ற கருவியான மைஎஸ்க்யூஎல் டம்ப்பில் இதே பயனைப் பெற ‘சிங்கிள் டிரான்ஸாக்‌ஷன்’ என்ற ஆப்ஷனைச் சேர்க்க வேண்டும். அது இன்னோடிபி அட்டவணைகளுக்கு மட்டுமே பொருந்தும். மைஐசாம் என்ற பழைய சேமிப்பு முறையில் உள்ள அட்டவணை ஒன்று எங்காவது மிஞ்சியிருந்தால் அதற்குப் பாதுகாப்பு இல்லை. டம்ப் ஓடும் நேரத்தில் அட்டவணைகளின் அமைப்பை மாற்றும் வேலைகளையும் தள்ளி வையுங்கள். பிஜி டம்ப் ஒரு தரவுத்தளத்தை மட்டுமே எடுக்கும் என்பதால், பயனர் கணக்குகளையும் ரோல்களையும் (அனுமதிகளின் தொகுப்புகள்) ‘பிஜி டம்ப் ஆல்’ (pg_dumpall) என்ற கருவியைக் கொண்டு தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

டம்ப்பின் வெளியீட்டை நேராக ஜிஜிப் என்ற சுருக்கும் கருவிக்கு அனுப்புபவர்கள், அதாவது பைப் செய்பவர்கள், ஒன்றைக் கவனிக்க வேண்டும். பைப்பில் கடைசியாக உள்ள கட்டளையின் முடிவைத்தான் கட்டளைகளை இயக்கும் ஷெல் வழக்கமாகச் சொல்லும். டம்ப் நடுவில் அறுந்துபோனாலும் ஜிஜிப் தன் வேலையை ஒழுங்காக முடித்து, வெற்றி என்றே தெரிவிக்கும். பாஷ் ஷெல் ஸ்கிரிப்ட்டில், பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் ‘பைப்ஃபெயில்’ அமைப்பை இயக்குங்கள். தற்காலிகப் பெயரில் எழுதி, வெற்றியுடன் முடிந்த பிறகே உரிய பெயருக்கு மாற்றுங்கள்.

இரவு 2 மணி டம்ப் மட்டும் இருக்கும் நிலையில், காலை 11.42-க்கு ஒருவர் நிபந்தனை இல்லாமல் டெலீட் ஓட்டிவிட்டால், அன்றைய காலை வேலை முழுவதும் போய்விடும். முதன்மை சர்வரின் மாற்றங்களை உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும் ரெப்ளிகா (இணை சர்வர்) இதற்கு உதவாது. அந்த டெலீட் அங்கேயும் நொடிகளில் போய்ச் சேர்ந்துவிடும். இதற்குத் தீர்வு, பிஜி பேஸ்பேக்கப் (pg_basebackup) கருவி மூலம் முழு நகல் ஒன்றை எடுத்து, அதன்பின் உருவாகும், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் வால் (WAL) லாக் கோப்புகளைத் தொடர்ந்து வேறு இடத்தில் சேமித்து வருவதுதான். மீட்கும்போது 11.41 என்று நேரத்தைக் குறிப்பிட்டால் அதுவரை வந்து நிற்கும். என் கருத்தில், பலர் நாள் முழுவதும் எழுதும் தரவுத்தளத்திற்கு இது கட்டாயம். ஆனால் லாக் சேமிப்பு தோல்வியடைந்தால் போஸ்ட்கிரெஸ் பழைய லாக்குகளை அழிக்காமல் வைத்துக்கொண்டே போகும், டிஸ்க் நிரம்பி சர்வரே நின்றுவிடும். ஆகவே அதைத் தனியாகக் கண்காணியுங்கள்.

நகல்கள் அதே இயந்திரத்தில் இருக்கக் கூடாது. தரவுத்தள சர்வரின் கணக்கால் பழைய நகல்களை அழிக்க முடியாதபடி அனுமதிகளை அமையுங்கள். மறையாக்கம் செய்தால் அதன் சாவியையும் வேறிடத்தில் வையுங்கள்.

மீட்டுப் பார்க்காத நகலை நான் நகலாகவே கணக்கில் கொள்வதில்லை. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் முதன்மைத் தரவு தவறுதலாக அழிக்கப்பட்டபோது, அவர்களுடைய டம்ப் நகல்கள் இல்லவே இல்லை என்பது தெரியவந்தது. போஸ்ட்கிரெஸ் சர்வர் 9.6 பதிப்பு, டம்ப் கருவியோ அதைவிடப் பழைய 9.2, அதனால் ஒவ்வொரு முறையும் அது தோல்வியடைந்திருக்கிறது, எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக வேறொரு காரணத்திற்காக எடுக்கப்பட்டிருந்த, சுமார் 6 மணி நேரம் பழைய ஸ்னாப்ஷாட்தான் (அந்தக் கணத்து டிஸ்க் நிலையின் நகல்) அவர்களைக் காப்பாற்றியது.

மாதம் ஒரு முறையாவது, வெறுமையான வேறொரு இயந்திரத்தில் நகலை முழுதாக மீட்டெடுங்கள். முக்கிய அட்டவணைகளில் எத்தனை வரிசைகள் உள்ளன என்பதையும், கடைசிப் பதிவின் நேரத்தையும் சரிபாருங்கள். மென்பொருளை அதனுடன் இணைத்து ஒரு பயனராக உள்நுழைந்து பாருங்கள். மீட்க எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும், ஓட்டிய கட்டளைகளை அதே வரிசையிலும், சர்வர் விழுந்தாலும் திறக்கக்கூடிய ஓர் இடத்தில் எழுதி வையுங்கள்.