வாளையாறு தாண்டி வருகிறவர்களுக்கு: கர்க்கடகத்தில் (நம் ஆடியில்) துணி எங்கே காயும்?

வாளையாறு எல்லை தாண்டி, கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் இருக்கிற கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்கு வருகிற நம் ஊர்க்காரர்கள் பலர் தை, மாசியில்தான் வீடு பார்க்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் வந்தோம். அருப்புக்கோட்டையில் மொட்டை மாடி வெயிலில் துணி போட்டுப் பழகிய எனக்கு, இங்கே வாசலில் கட்டிய கொடியிலேயே ஒரு மணி நேரத்தில் வேட்டி விறைப்பாகக் காய்ந்ததில் அவ்வளவு சந்தோஷம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று அது. அந்த மாதங்களில் பனைமரங்களைப் பிடித்து உலுக்கும். அந்தக் காற்றை நம்பி வீடு பிடிக்காதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

காகித வேலைகள் பெரிதாக ஒன்றும் இல்லை. வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்கு முத்திரைத்தாளில் போடுவார்கள். ஆதார் நகலும் போட்டோவும் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். கரண்ட் பில் நம் ஊர் மாதிரியே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். ஆனால் அங்கே எல்லா வீட்டுக்கும் உள்ள 100 யூனிட் இலவசம் இங்கே கிடையாது. சரி, துணிக்கு வருகிறேன்.

எங்கள் வீடு ஒரு அறை, ஒரு அடுப்படி. ஜன்னல் ஒன்றே ஒன்று, அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. ஜூன் முதல் வாரம் பள்ளி திறந்தது, இங்கே இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் கூடவே வந்தது. சுவரோரமாக ஆணி அடித்து உள்ளே கயிறு கட்டினேன். சாரல் அடிக்கிறதே என்று ஜன்னலைச் சாத்திவைத்தேன். எல்லாம் கெட்டது அங்கேதான். துணியை விட்டுப் போகிற தண்ணீருக்கு வெளியே போக வழி வேண்டாமா? அறைக்குள்ளேயே சுற்றிவிட்டுக் குளிர்ந்த சுவரில் போய்ப் படிந்தது. மூன்று நாள் ஆகியும் பையனின் யூனிஃபார்ம் காயவில்லை. புளித்த வாடை வேறு. அப்புறம் காலரிலும் தையலிலும் மிளகுத் தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள்.

பக்கத்து வீட்டுச் சேச்சி சட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "கரிம்பனா மோளே, இனி போவில்ல" என்றார். இங்கே பனைமரத்துக்குக் கரிம்பன என்று பெயர். அவர் பனையைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று நின்றேன். துணியில் பிடிக்கும் பூஞ்சணத்துக்குத்தான் இங்கே கரிம்பன் என்று பெயராம். மழைக்காலம் பிறந்தால் எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சுதான். நம் ஊரில் இதற்கென்று தனிப் பெயர் எதுவும் நான் கேட்டதில்லை, அந்த அளவுக்கு நமக்கு வெயில்.

அதோடு நிற்கவில்லை. கயிறு கட்டிய சுவர் முழுக்கக் கறுத்தது. ராத்திரியில் பையனுக்கு இருமலும் இழுப்பும். மருத்துவர் முதலில் கேட்டதே வீட்டுச் சுவரில் ஈரம் உண்டா என்றுதான். வீட்டைக் காலி செய்தபோது, பெயின்ட் அடிக்க என்று சொல்லி அட்வான்ஸில் 6,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். காற்றே வராத அறையைக் கட்டிவிட்டது யார்? இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அதனால் வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர் வருமா என்று கேட்பதோடு, கர்க்கடகத்தில் கொடி எங்கே கட்டலாம் என்றும் கேளுங்கள். கர்க்கடகம் என்பது நம் ஆடி மாதம். அம்மியையே தூக்குகிற ஆடிக்காற்றில் கிளிப் போடாத துணி அடுத்த தெருவுக்குப் போய்விடும், நமக்குத் தெரிந்த ஆடி அது. இங்கே கள்ளக் கர்க்கடகம் என்கிறார்கள். வெயில் அடிக்கிறதே என்று துணியை வெளியே போட்டு உள்ளே திரும்புவதற்குள் கொட்டிவிடும். எதிரெதிராக இரண்டு ஜன்னல், அல்லது கூரை போட்ட சிறு திண்ணை இருக்கிற வீட்டுக்கு மாதம் ஐந்நூறு கூடக் கொடுத்தாலும் தகும்.

அப்படி வீடு அமையாவிட்டால், இருக்கிற அறையில் கயிற்றைச் சுவரோரம் கட்டாதீர்கள். அறையின் நடுவில், ஃபேனுக்குக் கீழே காற்று படுகிற இடத்தில், இறக்கைக்கு எட்டாமல் தாழ்த்திக் கட்டுங்கள். மழை பெய்தாலும் ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வையுங்கள். வெளிக்காற்று ஈரம்தான். ஆனாலும் ஈரத்துணி தொங்குகிற மூடிய அறை அதைவிட ஈரம். 75 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட்தான் ஆகும், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகத் துவைக்கிற நம் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தினமும் நாலைந்து துணி போதும். வியர்வைத் துணியை வாளியில் குவித்து வைத்தாலே ஓரிரு நாளில் கரிம்பன் பிடித்துவிடும். பிழிந்த துணியை உலர்ந்த தடித் துண்டில் வைத்துச் சுருட்டி இன்னொரு முறை முறுக்குங்கள். துண்டு குடிக்கிற தண்ணீரைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். பழைய செமி ஆட்டோமேட்டிக் மெஷின் மலிவாகக் கிடைத்தால், துவைக்க இல்லாவிட்டாலும் அந்த ஸ்பின் தொட்டிக்காகவே வாங்கலாம். ஜீன்ஸை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டுப் போடுங்கள். சட்டைகளுக்கு நடுவே ஒரு சாண் இடம் விடுங்கள். காலரிலும் தையலிலும் ஈரம் நின்றால் இஸ்திரி போட்டு எடுங்கள்.

துணி காயட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பு மட்டும் வைக்காதீர்கள். மூணாறு, குமுளிப் பக்கம் குளிருக்குப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். சாம்பிராணி போட்டால் வாடை மறையும், ஈரம் போகாது.

கரிம்பன் பிடித்துவிட்டால், வெள்ளைப் பருத்தித் துணி என்றால் பிளீச்சைத் தண்ணீரில் நன்றாகக் கலந்து கொஞ்ச நேரம் ஊறவைத்து அலசலாம். பிளீச்சோடு வினிகரையோ எலுமிச்சையையோ சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். பையனின் வெள்ளைச் சட்டை ஒன்று அப்படித்தான் பிழைத்தது. நீலச் சட்டைகளில் பிளீச்சைப் போட முடியாது. இரண்டையும் கிழித்து அடுப்படியில் கைப்பிடித் துணியாக வைத்திருக்கிறேன், புள்ளிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.