ஐயெல்ட்ஸ் கோச்சிங்குக்கு காசு கட்டுறதுக்கு முன்னாடி இதப் பாத்துக்கோங்க

வெளிநாடு போக ஐயெல்ட்ஸ்ங்கற இங்கிலீஷ் பரீட்சை எழுதணும்னு சேலத்துல எந்த கோச்சிங் சென்டருக்குள்ள போனாலும் நர்ஸு, வெல்டரு, சாஃப்ட்வேர்காரரு எல்லாருக்கும் ஒரே பதில்தாங்க, "ஒம்போதுக்கு ஏழு எடுத்துடுங்க, மீதிய பாத்துக்கலாம்". அங்கதான் காசு போகுது. எந்த நாடு, எந்த விசா, எந்த வேலைங்கறத வச்சு உங்க நம்பர் மாறும், சில பேருக்கு பரீட்சையே தேவைப்படாது.

அதனால முதல்ல உங்க நம்பர கண்டுபிடிங்க. கனடால குடியேற எக்ஸ்பிரஸ் என்ட்ரின்னு ஒரு வழி, அதுல ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கருக்கு சிஎல்பி (கனடாவோட மொழி அளவுகோல்) 7 வேணும், அதாவது ஐயெல்ட்ஸ் ஜெனரல்ல நாலு பேப்பர்லயும் 6. ஆனா ஐடிஐ முடிச்சு ஃபிட்டரா வெல்டரா இருக்கீங்கன்னா ஸ்கில்டு டிரேட்ஸ்னு தனி வழி இருக்கு, அதுக்கு பேசறதுலயும் கேக்கறதுலயும் 5, எழுதறதுல 4, படிக்கறதுல 3.5 இருந்தா விண்ணப்பிக்கவே முடியும் (அங்க ஒரு வருஷ ஜாப் ஆஃபரோ இல்ல அவங்க மாகாணத்து டிரேட் சர்டிஃபிகேட்டோ வேணும், அதுதான் கஷ்டம், இங்கிலீஷ் இல்ல). விண்ணப்பிச்சவங்கள வரிசைப்படுத்தற பாய்ன்ட் ஏறணும்னா சிஎல்பி 9 பாருங்க, லிசனிங் 8, மத்தது மூணும் 7. ஆஸ்திரேலியா ஸ்கில்டு விசாவுக்கு நாலுலயும் 6 இருந்தா விண்ணப்பிக்கலாம், 7 இருந்தா 10 பாய்ன்ட், 8 இருந்தா 20. மூணுல 8 எடுத்து ரைட்டிங்ல மட்டும் 7.5 வந்தா அந்த 20 கிடையாது, 10தான். இது எனக்கு இன்னைக்கு வரைக்கும் நியாயமா படல, அரை மார்க்குல ஒருத்தர் இங்கிலீஷ் பாதியா குறைஞ்சிடுமா என்ன.

அடுத்தது, நீங்க பரீட்சையே எழுதணுமான்னு பாருங்க, இதத்தான் யாரும் சொல்றதில்ல. இங்கிலாந்து ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு ஜமைக்கா, மால்டா பாஸ்போர்ட் இருந்தா பரீட்சை வேண்டாம், அந்த லிஸ்ட்ல இந்தியா இல்ல. ஏற்காட்டு கான்வென்ட்ல எல்கேஜில இருந்து இங்கிலீஷ்லயே படிச்ச புள்ளையா இருந்தாலும் அம்மாபேட்டை தமிழ் மீடியம் பையனா இருந்தாலும் பாஸ்போர்ட்டத்தான் பாப்பாங்க. ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து, அயர்லாந்து பாஸ்போர்ட்டுக்கு அந்த 6ஐ விட்டுக்கொடுத்துடும், பாய்ன்ட் வேணும்னா மட்டும் அவங்களும் எழுதணும். இந்த விஷயத்துல கனடா பரவால்லைங்க, லண்டன்ல பொறந்தவரா இருந்தாலும் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு உக்காந்து எழுதித்தான் ஆகணும். ஆஸ்திரேலியாவுக்கு இதுல பழைய கதையே உண்டு, 1901 சட்டப்படி அதிகாரி எந்த ஐரோப்பிய மொழில வேணா 50 வார்த்தை டிக்டேஷன் குடுத்து வேண்டாதவங்கள வெளிய நிறுத்தலாம், 1934ல எகான் கிஷ்ங்கற எழுத்தாளருக்கு நிறைய மொழி தெரியும்னு ஸ்காட்டிஷ் கேலிக்ல குடுத்து ஃபெயிலாக்குனாங்க, கோர்ட்ல அது நிக்கல. 1958லதான் அந்த டெஸ்ட்ட எடுத்தாங்க. இப்போ இருக்கறது அந்த மாதிரி இல்ல, ஆனா யாருக்கு விலக்குங்கற கேள்வி அப்படியேதான் இருக்கு.

சரி, நமக்கு என்ன வழி. டிகிரி இங்கிலீஷ்ல படிச்சிருந்தா எக்டிஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, இங்கிலாந்து விசாவுக்கு உங்க டிகிரி அவங்க டிகிரிக்கு சமம், இங்கிலீஷ்லதான் நடத்துனாங்கன்னு சர்டிஃபிகேட் குடுக்கும், அது இருந்தா டெஸ்ட் வேண்டாம். அதுக்கு மீடியம் ஆஃப் இன்ஸ்ட்ரக்ஷன் லெட்டர் வேணும், காலேஜ் பிரின்சிபால் லெட்டரோட நிறுத்திக்காம யுனிவர்சிட்டில இருந்தே வாங்கிடுங்க, பெரியார் யுனிவர்சிட்டின்னா கருப்பூர் போனா போதும், மத்தவங்க அவங்கவங்க யுனிவர்சிட்டிக்கு அலையணும். இல்லாதவங்க டெஸ்ட்தான், 2026 ஜனவரி 8ல இருந்து புதுசா போடுறவங்களுக்கு பி1ங்கற இங்கிலீஷ் லெவல் போதாது, அதுக்கு மேல இருக்கற பி2 வேணும், அதாவது இங்கிலாந்து விசாவுக்குன்னே நடத்தற யுகேவிஐ ஐயெல்ட்ஸ்ல ஒவ்வொண்ணுலயும் 5.5. சாதா ஐயெல்ட்ஸ் இதுக்கு செல்லாது, புக் பண்ணும்போதே பேர சரியா பாருங்க.

நர்ஸுங்களுக்கு தனியா சொல்றேன். இங்கிலாந்துல நர்ஸுங்கள பதிவு பண்ற என்எம்சி கேக்கறது ஐயெல்ட்ஸ் அகாடமிக்ல 7, ரைட்டிங்ல மட்டும் 6.5. அத பாஸ் பண்ணிட்டீங்கன்னா விசாவுக்கு இன்னொரு இங்கிலீஷ் டெஸ்ட் எழுத வேண்டாம், எழுதணும்னு எந்த ஏஜெண்ட் சொன்னாலும் நம்பாதீங்க. ஐயெல்ட்ஸ் ரைட்டிங்ல நகரமயமாக்கல் நல்லதா கெட்டதான்னு கட்டுரை கேக்கும், வார்டுல பத்து வருஷம் வேலை பாத்தவங்களுக்கு அதுல என்ன இருக்கு. இதுக்கு பதிலா ஓஇடின்னு மருத்துவத் துறைக்காரங்களுக்குன்னே ஒரு இங்கிலீஷ் டெஸ்ட் இருக்கு, என்எம்சி அதையும் ஏத்துக்கும், அதுல பேஷண்ட் நோட்ஸ பாத்து ரெஃபரல் லெட்டர் எழுதணும், நம்ம தினமும் பாக்கற விஷயம். ஃபீஸ் ஐயெல்ட்ஸ விட நல்லாவே ஜாஸ்தி, ஆனா ரைட்டிங்ல திரும்பத் திரும்ப மாட்டறவங்களுக்கு நான் ஓஇடியத்தான் சொல்லுவேன். ஒரே தடவைல எல்லாம் வரலன்னாலும் 12 மாசத்துக்குள்ள எழுதுன ரெண்டு ரிசல்ட்ட சேத்துக் காட்ட என்எம்சி விடுது, அதுக்கும் குறைஞ்சபட்ச மார்க் இருக்கு, பாத்துட்டு போங்க.

ஐயெல்ட்ஸ்ல அரை மார்க்ல போச்சுன்னா உடனே மறுபடி முழு ஃபீஸ கட்டாதீங்க. ஆறு வாரத்துக்குள்ள ரீவேல்யுவேஷன் கேக்கலாம், மார்க் ஏறுனா கட்டுன காச திருப்பித் தருவாங்க. லிசனிங், ரீடிங்ல விடை சரி தப்புதான், அங்க பெருசா எதிர்பாக்க வேண்டாம், ரைட்டிங்கும் ஸ்பீக்கிங்கும் ஒரு எக்ஸாமினர் தன் மதிப்பீட்டுல போடுற மார்க், அதுக்குத்தான் கேக்கணும். ஒரு பேப்பர மட்டும் திரும்ப எழுதற ஒன் ஸ்கில் ரீடேக்கும் இருக்கு, 60 நாளுக்குள்ள எழுதணும், ஆனா எல்லா நாடும் அத ஏத்துக்காது, உங்க விசா பேஜ்ல அது இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் காச கட்டுங்க.

கடைசியா தேதி. ரிசல்ட் கனடாவுக்கு ரெண்டு வருஷம், ஆஸ்திரேலியா ஸ்கில்டு விசாவுக்கு மூணு வருஷம்தான் செல்லும். அதனால டிகிரி மதிப்பீடு, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் மாதிரி இழுத்தடிக்கற பேப்பரெல்லாம் முதல்ல ஓட ஆரம்பிக்கட்டும், அது பாதி தூரம் வந்ததும் டெஸ்ட்டுக்கு தேதி போடுங்க, சேலத்துல தேதி கிடைக்கலன்னா கோயமுத்தூரு திருச்சி பாருங்க, முந்தின நாளே போய் தங்கிடுங்க, விடியக்காலை பஸ்ஸ புடிச்சு தூக்கக் கலக்கத்தோட லிசனிங் எழுத உக்காந்தா ஒரே ஒரு தடவைதான் ஆடியோ ஓடும்.